மைக்ரோவேவ் டியூப் செய்தவருக்கு ஒரு பாராட்டு அரங்கு: மேசையில் வைக்க வேண்டியவை, கேட்க வேண்டியவை

போர்க்காலத்தில் இங்கிலாந்தின் டிசார்ட் அறிவியல் குழு அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மேக்னட்ரானை, அதாவது ரேடாருக்கு மைக்ரோவேவ் உண்டாக்கும் வெற்றிட டியூபை, 1940 அக்டோபரில் பெல் ஆய்வகத்தார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கூடவே வந்த வரைபடத்தில் ஆறு துளைகள் இருந்தன. எக்ஸ்ரேயில் எட்டு தெரிந்தன. இங்கிலாந்துக்குக் கேட்டனுப்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது. வெம்ப்ளியில் இருந்த ஜி.இ.சி. ஆய்வகத்தில் மெகா (Megaw) என்ற ஆய்வாளர் பன்னிரண்டு டியூப்கள் செய்யக் கொடுத்திருந்தார். அவற்றில் பத்துக்கு ஆறு துளை, பதினொன்றாவதற்கு ஏழு, பன்னிரண்டாவதற்கு எட்டு. கடல் தாண்டிப் போனது பன்னிரண்டாவது டியூப். வரைபடம் பழையபடியே இருந்துவிட்டது.

அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள மெகா இருந்தார். ஒரு தகவலில் குழப்பம் தீர்ந்தது. மைக்ரோவேவ் டியூப் துறையில் முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஓய்வு பெறும்போதோ மணிவிழா காணும்போதோ நாம் நடத்தும் பாராட்டு அரங்கை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அவர் எழுதிய கட்டுரைகள் நூலகத்தில் இருக்கின்றன. வரைபடங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. வரைபடத்துக்கும் ஓடுகிற டியூபுக்கும் நடுவில் இருக்கும் எட்டாவது துளை அவர் கையிலும் நினைவிலும் மட்டும்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைக்கிற அரங்குதான் அவருக்குச் செய்யும் மரியாதை. பொன்னாடையும் போர்த்தலாம், பத்து நிமிடத்தில் முடியும் வேலை அது.

இந்தியாவில் இந்தத் துறை பெரிய ஊர் அல்ல, சின்ன அக்கிரகாரம் போலத்தான். 1953-ல் நேரு அடிக்கல் நாட்டிய பிலானி சீரி (மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு) நிறுவனம், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அதன் அருகிலேயே பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் மைக்ரோவேவ் டியூப் மையம், வாராணசி இந்துப் பல்கலைக்கழகம், மும்பை சமீர் ஆய்வு நிறுவனம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். 2000-ல் அமெரிக்காவின் மான்டரேயில் தொடங்கிய அனைத்துலக வெற்றிட மின்னணுவியல் மாநாடு 2011-ல் பெங்களூருக்கு வந்தது. ஆனால் பெரிய மாநாட்டில் ஆளுக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். தோற்றுப்போன டியூபைப் பற்றிப் பேச அங்கே யாரும் வருவதில்லை. அதற்கு அறுபது எழுபது பேர் கூடும் ஒன்றரை நாள் அரங்கு போதும். அதற்குமேல் கூட்டம் சேர்ந்தால் கேள்வி குறைந்து கைதட்டல் கூடிவிடும்.

முன்வேலை நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் வேலை அழைப்பிதழ் அல்ல, நேர்காணல். விழா நாயகரோடு தொண்ணூறு நிமிட அமர்வுகள் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். முதல் அமர்வில் கிளறிவிட்டது அந்த வாரத்தில்தான் அவருக்கு நினைவுக்கு வரும். "உங்கள் பயணத்தைச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் எல்லா விழாக்களிலும் கேட்ட பேச்சுதான் வரும். கேள்வியோடு போகாதீர்கள், பொருளோடு போங்கள். ஒரு பழைய எலெக்ட்ரான் கன்னையோ (எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் பாகம்), வெட்டிய கேவிட்டியையோ (மைக்ரோவேவ் அதிரும் உள்வெளி), நிறம் மாறிய செராமிக் ஜன்னலையோ கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கை தானாகவே பேச ஆரம்பிக்கும்.

கேட்க வேண்டியவை சில: இரண்டு பாகங்களை ஒட்டிய இந்த மூட்டுக்கு வெள்ளி–செம்பு போடாமல் தங்கம்–நிக்கல் போட்டது ஏன்? கேத்தோடுக்கும் (சூட்டில் எலெக்ட்ரானை உமிழும் முனை) ஆனோடுக்கும் (அதை இழுக்கும் முனை) வரைபடத்தில் உள்ள இடைவெளி சூடான நிலையிலா, குளிர்ந்த நிலையிலா? (சூடேறியதும் கேத்தோடு முன்னால் நகர்ந்துவிடும், குளிரில் எவ்வளவு கூடுதலாக விட்டார்கள் என்பது பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது.) கேத்தோடு வெப்பநிலையை எந்தக் கருவியில் அளந்தீர்கள்? எத்தனையாவது டியூப் முதன்முதலில் ஓடியது, அதற்கு முன் போனவை எதனால் போயின? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு வரும் பதிலை வைத்தே அரங்கின் நிகழ்ச்சி நிரலை அமைத்துவிடலாம்.

வெப்பநிலைக் கேள்வி அற்பமாகத் தோன்றும், அற்பமல்ல. சூடான பரப்பின் ஒளியை வைத்து அளக்கும் இழை மறையும் வகைப் பைரோமீட்டர் காட்டுவது ஒளிர்வு வெப்பநிலை. டங்ஸ்டன் பரப்பில் 1050 டிகிரி செல்சியஸ் அளவில் உண்மை வெப்பநிலை அதைவிடச் சுமார் 60 டிகிரி கூடுதல். குறிப்பேட்டில் உண்மை வெப்பநிலை 1050 என்று எழுதியிருந்து, அடுத்து வந்தவர் பைரோமீட்டரில் 1050 தெரியும்வரை ஹீட்டரை ஏற்றினால் கேத்தோடு 1110-ல் ஓடும். பேரியம் ஆவியாகும் வேகம் பல மடங்கு ஏறி, ஆயுள் அந்த அளவுக்குக் கரைந்துவிடும். இரண்டு தலைமுறைக் கேத்தோடுகளின் ஆயுள் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்விக்கு விடை இப்படி ஒரு வரியில் ஒளிந்திருக்கக்கூடும்.

இனி மேசை. அரங்கின் உயிர் மேடையில் இல்லை, மண்டபத்தின் பக்கச் சுவரோரம் போடும் மூன்று நீள மேசைகளில்தான் இருக்கிறது. முதல் மேசையில் ஒரு டிராவலிங் வேவ் டியூப் (டி.டபிள்யூ.டி., எலெக்ட்ரான் கற்றையால் மைக்ரோவேவைப் பெருக்குவது) உருவாகும் வரிசையில் உதிரிபாகங்கள். இரண்டாவதில் கெட்டுப்போனவை. மூன்றாவதில் ஓடிக்காட்டக்கூடிய ஒன்று. தேநீர் இடைவேளையை அரை மணிக்குக் குறையாமல் வைத்து, தேநீரை மேசைகளுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். கோப்பையோடு யாரும் கேத்தோடுக்கு மேலே குனியக் கூடாது.

முதல் மேசையில் செம்பிலிருந்து தொடங்கலாம். எல்லாச் செம்பும் டியூபுக்கு ஆகாது. சாதாரண மின்தொழில் செம்பில் கொஞ்சம் ஆக்ஸிஜன் செம்பு ஆக்ஸைடாக உலோகத்தின் நுண்படிக மணிகளின் எல்லையில் உட்கார்ந்திருக்கும். ஹைட்ரஜன் உலையில் அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து ஆக்ஸைடோடு சேர்ந்து நீராவியாகும். வெளியேற வழியில்லாத நீராவி செம்பை உள்ளிருந்தே பிளக்கும். வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும், வெற்றிடம் நிற்காது. ஆகவே ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு வேண்டும். அதிலும் வந்த ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பட்டையை வெட்டி ஹைட்ரஜனில் 850 டிகிரியில் அரை மணி வைத்து எடுத்து, முன்னும் பின்னும் வளைத்துப் பார்க்க வேண்டும். நல்ல செம்பு பல வளைவு தாங்கும். கெட்டது முதல் சில வளைவிலேயே விரிந்து உடையும். இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் அந்த இடத்தில் விளக்கப் பலகையே தேவையில்லை.

அடுத்தது பிரேசிங், அதாவது பாகங்களைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தால் அவற்றை ஒட்டுவது. ஒரு டியூப் ஒரே உலைச் சூட்டில் முடிவதில்லை. படிப்படியாக இறங்கி வர வேண்டும். முதல் படிக்கு 35 பங்கு தங்கம், 65 பங்கு செம்பு. உருகி முடிய ஏறக்குறைய 1010 டிகிரி. பிறகு 82 தங்கம், 18 நிக்கல், 950. கடைசியில் 72 வெள்ளி, 28 செம்பு, 780. இந்த வரிசை தவறினால் முன்பு போட்ட மூட்டு பின்னால் வரும் சூட்டில் மறுபடி உருகி, ஒழுங்குபடுத்திய பாகம் நகர்ந்துவிடும். இறங்கு வரிசையில் எத்தனை படி, எந்த மூட்டு எந்தப் படியில் என்பதை ஒரு தாளில் எழுதி பாகத்தின் பக்கத்தில் வையுங்கள். இப்படி ஒரு தாள் பல திட்டக் கோப்புகளில் கிடையாது. பிரேசிங் செய்தவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும்.

கோவார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செராமிக்கோடு விரிவு ஒத்துப்போகிறது என்பதற்காக இந்த இரும்பு–நிக்கல்–கோபால்ட் கலவையைப் போடுகிறோம். ஆனால் கடைசலில் விசை ஏறிய கோவாரில் வெள்ளி கலந்த பிரேசிங் உருகி ஓடினால், அது மணி எல்லைகளுக்குள் புகுந்து விரிசலை உண்டாக்கும். முதலில் ஹைட்ரஜனில் பதப்படுத்தி விசையை இறக்கி, பிறகு நிக்கல் பூசினால் இந்தத் தொல்லை இல்லை. துருப்பிடிக்காத எஃகுக்கு வேறு காரணத்துக்காக நிக்கல் பூச்சு வேண்டும். அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்ஸைடை சாதாரண ஈரப்பத ஹைட்ரஜன் நீக்காது. பிரேசிங் உலோகம் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும்.

செராமிக்குக்கு மாலிப்டினம்–மாங்கனீஸ் பூச்சு, ஈர ஹைட்ரஜனில் 1450 டிகிரியை ஒட்டிய சூடு, அதன்மேல் நிக்கல், பிறகு பிரேசிங். இங்கே புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது அலுமினாவின் தூய்மை. 99.5 விழுக்காடு தூய்மை என்றால் நல்லதுதானே என்று வாங்குவார்கள். 94–96 விழுக்காடு அலுமினாவில் இருக்கும் கண்ணாடிப் பகுதிதான் பூச்சுக்குள் ஊடுருவிப் பிடிமானம் தருகிறது. தூய்மை கூடக் கூடப் பூச்சு ஒட்டுவது கடினமாகும்; அதற்கென்று வேறு பூச்சுக் கலவை வேண்டும். இரண்டையும் இழுத்துப் பார்த்து உரித்த மாதிரிகள் இருந்தால் மேசைக்குக் கொண்டுவாருங்கள். செராமிக் துண்டையே பிய்த்துக்கொண்டு வந்தால் நல்ல ஒட்டு. பூச்சு மட்டும் உரிந்து வந்தால் கெட்ட ஒட்டு.

துத்தநாகமும் காட்மியமும் கலந்த எதுவும், அதாவது பித்தளைத் திருகோ காட்மியம் பூசிய நட்டோ, உலைப்பக்கம் வரக் கூடாது. ஆவியாகி உலைச் சுவரெங்கும் படிந்து அடுத்தடுத்த தொகுதிகளையும் கெடுக்கும். எளிதாகக் கடைவதற்காகக் கந்தகம் சேர்த்த எஃகு கேத்தோடுக்கு எமன்.

கசிவுச் சோதனை பற்றி ஒரு கணக்கை மேசையில் பெரிய எழுத்தில் ஒட்டி வைப்பது நல்லது. ஹீலியம் கருவி 10⁻¹⁰ மில்லிபார்-லிட்டர்/வினாடி காட்டினால் பலர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். டியூபின் உள்கொள்ளளவு 0.1 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வினாடிக்கு 10⁻⁹ மில்லிபார் ஏறும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி; மறுநாள் காலையில் உள்ளே கிட்டத்தட்ட 10⁻⁴ மில்லிபார். அந்த டியூப் செத்துவிட்டது. எனவே கருவி "கசிவு இல்லை" என்று சொன்ன பிறகும் வாரக்கணக்கில் அலமாரியில் வைத்து, டியூபோடு இணைந்த அயான் பம்பை (மிஞ்சிய வாயுவை இழுக்கும் பம்ப்) போட்டு முதல் நொடியில் எவ்வளவு மின்னோட்டம் எகிறுகிறது என்று பார்ப்பதுதான் உண்மையான தேர்வு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே பட்டம் வாங்கியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

ஹெலிக்ஸ் என்ற சுருள் பாகத்துக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நிலையாகப் பொருத்தி வையுங்கள். டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம் நாடாவைச் சுற்றிச் செய்த சுருள், அதைத் தாங்கி 120 டிகிரி இடைவெளியில் மூன்று மின்காப்புக் குச்சிகள், வெளியே உலோக உறை. பத்தாயிரம் வோல்ட்டில் எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் போகிறது. அலையை அந்த வேகத்துக்கு இறக்குவதற்காகத்தான் இந்தச் சுருள். கோட்பாடு அவ்வளவுதான். கஷ்டம் வெப்பத்தில் இருக்கிறது. சுருள்–குச்சி, குச்சி–உறை என்ற இரண்டு தொடுகைகள் வழியாகத்தான் சூடு வெளியேற முடியும். உறையைச் சூடாக்கி விரிவடையச் செய்து உள்ளே நுழைத்துக் குளிரவிடுவது ஒரு முறை. உறையை மூன்று பக்கமும் அழுத்தி வட்டம் கெடச் செய்து நுழைத்துவிட்டு விடுவிப்பது இன்னொரு முறை. எதில் செய்தாலும் எவ்வளவு இறுக்கம் சரி என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்கும். நுழையும்போது கையில் உணரும் தடை எழுதப்பட்டிருக்காது. அந்த வேலையைச் செய்த டெக்னீஷியன் பக்கத்தில் நின்று, வெற்றுறையிலும் அலுமினாக் குச்சியிலும் செய்துகாட்டினால் அரங்கில் அதற்கு ஈடான உரை வேறு இருக்காது. ஒளிப்பதிவு அவர் விரல்களைப் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல.

கவனம்: குச்சி பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம். முழுசாக இருக்கும்வரை ஆபத்தில்லை. உடைந்தாலோ அரைத்தாலோ வரும் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. நிறத்தைப் பார்த்து அலுமினாவா பெரிலியாவா என்று சொல்ல முடியாது. பாகப்பட்டியலில் உறுதியாகாத எந்தக் குச்சியையும் கைக்குக் கை கொடுக்காதீர்கள். மூடிய அக்ரிலிக் பெட்டியில் வையுங்கள்.

கேத்தோடு. இதற்கு ஒரு முழு அமர்வு ஒதுக்கலாம், ஒதுக்க வேண்டும். நுண்துளை கொண்ட டங்ஸ்டன் உருளை. ஏறக்குறைய எண்பது விழுக்காடு அடர்த்தி, மீதி வெற்றிடம். அந்தத் துளைகளில் பேரியம்–கால்சியம்–அலுமினேட் உருக்கி ஏற்றப்படுகிறது. நுண்துளை டங்ஸ்டனை அப்படியே கடைந்தால் பரப்பில் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். அதனால் முதலில் துளைகளில் செம்பை நிரப்பி, கடைந்து வடிவம் எடுத்து, பிறகு செம்பை நீக்குகிறார்கள். முகத்தில் ஆஸ்மியம்–ருத்தேனியம் மெல்லிய பூச்சு போட்டால் அதே மின்னோட்டத்தை எண்பது, நூறு டிகிரி குறைந்த சூட்டில் வாங்கலாம். ஆனால் முதன்முதலாகச் சூடாக்கிச் செயலூட்டும்போது அவசரப்பட்டுச் சூட்டை அதிகம் ஏற்றினால் பூச்சும் டங்ஸ்டனும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து பூச்சின் பயனே குறைந்துபோகும். செயலூட்டலில் வேகத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, அழுத்தமானி. வாயு வெளிவந்து அழுத்தம் 10⁻⁶ மில்லிபாரை நெருங்கினால் ஹீட்டரை அங்கேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவர் செய்த கேத்தோடு எவ்வளவு தாங்கும் என்பதற்கு வாயேஜர் விண்கலங்களே சாட்சி. 1977-ல் ஏவப்பட்ட அவற்றின் எக்ஸ் பேண்ட் (ஒரு மைக்ரோவேவ் அலைவரிசை) ஒலிபரப்பிகளில் இருப்பவை டிராவலிங் வேவ் டியூப்கள்தாம்.

பயன்படுத்தாத கேத்தோடைத் திறந்த தட்டில் காட்சிக்கு வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பேரியச் சேர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஓரிரு நாளில் முகத்தில் வெள்ளை படரும். பிறகு அது கண்காட்சிக்குத்தான் ஆகும். உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிக் கலத்தில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வீணாகிப் போன ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், வித்தியாசம் தெரியட்டும்.

இரண்டாவது மேசைக்கு டியூபை வெட்ட வேண்டியிருக்கும். உள்ளே வெற்றிடம் இருக்கும்போது வெட்டாதீர்கள். பம்பிலிருந்து பிரித்த செம்புக் குழலின் நசுக்கிய முனைக்கு பிஞ்ச்-ஆஃப் என்று பெயர். கத்தி முனை போல மெல்லியதாக இருக்கும். அதன்மேல் உள்ள காப்பு மூடியைக் கழற்றி, ஊசி நுனியால் மிகச் சிறிதாகத் துளைத்து, காற்று மெதுவாக நுழைய விட்டு, ஒரு மணி கழித்து வேலையைத் தொடங்குங்கள். திடீரென்று காற்று புகுந்தால் உள்ளே உதிர்ந்து கிடக்கும் துகள்கள் இடம் மாறிவிடும். எங்கே பொறி பறந்தது என்ற தடயமும் போய்விடும். டியூபை மூடிப் பற்றவைத்த உதடு போன்ற விளிம்பு இருந்தால் கடைசலில் அந்த உதட்டை மட்டும் சீவி எடுங்கள். ரம்பம் வேண்டாம், குளிர்விக்கும் எண்ணெய் வேண்டாம். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

உள்ளே பார்ப்பதற்குச் சில இருக்கின்றன. கன்னின் மின்காப்புச் செராமிக் கறுத்து உலோகப் பளபளப்பு ஏறியிருந்தால் கேத்தோடிலிருந்து ஆவியான பேரியம் படிந்திருக்கிறது, மின்கசிவு அதனால். சுருளின் வெளிமுனைப் பக்கம் மட்டும் உருகியிருந்தால், ஒன்று தொடுகை சரியில்லை, அல்லது வெளியீட்டில் பொருத்தம் தவறி அலை திரும்பி வந்திருக்கிறது. கேத்தோடு நடுவில் சிறு பள்ளம் விழுந்திருந்தால் நேர்மின் அயனிகள் திரும்பி வந்து குடைந்திருக்கின்றன. வெற்றிடம் மோசம் என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் மூன்று வரி போதும்: என்ன தெரிந்தது, என்ன காரணம், அடுத்த டியூபில் என்ன மாற்றினார்கள். மூன்றாவது வரி காலியாக இருந்தால் விழா நாயகரிடம் கேட்டு நிரப்புங்கள். யார் செய்த தவறு என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த அரங்குக்கு யாரும் கெட்ட டியூபைக் கொண்டுவர மாட்டார்கள்.

மூன்றாவது மேசை. உயர் மின்னழுத்தக் கிளைஸ்ட்ரானையோ (இன்னொரு வகை மைக்ரோவேவ் டியூப்) ரேடார் மேக்னட்ரானையோ மண்டபத்தில் ஓட்டுவது கூடாது. பதினைந்து, இருபது கிலோவோல்ட்டுக்கு மேல் எக்ஸ்கதிர் கவலையும் சேர்ந்துகொள்ளும். நம் பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோவேவ் ஆய்வகங்களில் இருக்கும் எக்ஸ் பேண்ட் ரிஃப்ளெக்ஸ் கிளைஸ்ட்ரான் பெஞ்சே போதும். வரிசை இதுதான்: முதலில் விசிறி, பிறகு ஹீட்டர், அடுத்து ரிப்பெல்லரில் (எலெக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பும் தகட்டில்) உச்ச எதிர்மின்னழுத்தம், அதற்குப் பிறகே பீம் (எலெக்ட்ரான் கற்றை) மின்னழுத்தத்தை மெல்ல 250–300 வோல்ட்டுக்கு ஏற்றுவது. ரிப்பெல்லரை மறந்து பீமை முதலில் போட்டால் எலெக்ட்ரான்கள் ரிப்பெல்லரையே தாக்கிச் சூடாக்கும். கல்லூரிகளில் கிளைஸ்ட்ரான்கள் "ஆயுள் முடிந்தது" என்று ஓரங்கட்டப்படுவதற்கு இந்த வரிசை பிசகியதும் காரணமாக இருக்கலாம். ரிப்பெல்லரில் மெதுவான மாறு மின்னழுத்தம் சேர்த்து ஆஸிலாஸ்கோப்பில் மோடுகளை (டியூப் அதிரும் நிலைகளை) வரிசையாகக் காட்டலாம். மைக்ரோவேவ் செல்லும் அலைவழிக் குழாயின் திறந்த வாயில் யாரும் கண் வைக்காமல் இருக்க முனையில் மேட்ச்டு லோடு (அலையை உறிஞ்சிக்கொள்ளும் மூடி) கட்டாயம்.

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த டி.டபிள்யூ.டி.யை ஆய்வகத்தில் உயிர்ப்பித்துக் காட்டுவதாக இருந்தால், விழாவுக்கு முதல் நாள் அல்ல, இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். அயான் பம்ப் இருந்தால் முதலில் அதை மட்டும் ஓட்டி மின்னோட்டம் இறங்கும்வரை விடுங்கள். பிறகு ஹீட்டரைப் பாதி மின்னழுத்தத்தில். குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை மிகக் குறைவு, முழு மின்னழுத்தத்தில் திடீரென்று போட்டால் பாயும் மின்னோட்டம் இழையை அறுத்துவிடும். வெளியீட்டில் லோடு பொருத்திய பிறகு, கலெக்டரும் (பீமைக் கடைசியில் வாங்கும் முனை) ஹெலிக்ஸும் மின்னழுத்தம் பெற்ற பிறகே பீமைத் திறக்க வேண்டும். பீம் முதலில் வந்தால் அது போக இடமில்லாமல் சுருளில் விழும். பாடி கரன்ட் (சுருளில் விழும் மின்னோட்டம்) ஏறினால் நிறுத்துங்கள்; கூட்டம் காத்திருக்கிறது என்பது டியூபுக்குத் தெரியாது.

காந்தங்களைப் பற்றி: பழைய மேக்னட்ரான் காந்தத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இரும்பு எதுவும் வரக் கூடாது, ஸ்பேனர் ஒட்டினாலே காந்த வலு குறையலாம். ஆகவே மர மேசை. சமாரியம்–கோபால்ட் வளையங்கள் ஒன்றை ஒன்று பாய்ந்து பிடித்துச் சில்லாகத் தெறிக்கும். டி.டபிள்யூ.டி. காந்த வரிசையில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை அழுக்கு என்று யாரும் துடைத்துவிடக் கூடாது. பீமை நேராக்க ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒட்டியவை அவை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு நுழைவாயிலிலேயே எச்சரிக்கை எழுதி வையுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். காந்தமுள்ள டியூபை விமானச் சரக்கில் அனுப்ப ஆபத்துப் பொருள் விதிகள் உண்டு; கடைசி நேரத்தில் விமான நிலையத்தில் நின்றுவிடாமல் இருக்கச் சாலைவழியே முன்கூட்டி அனுப்புவது மேல்.

உரைகளுக்கு இருபது நிமிடம் பேச்சு, பதினைந்து நிமிடம் கேள்வி. பேச்சாளர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: எண்ணோடு வாருங்கள். பெர்வியன்ஸ் என்றால் மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கால் வகுத்தது என்று சொல்லி விட்டுவிட்டால் மாணவர் மனதில் நிற்காது. ஸ்டான்ஃபோர்டு ஸ்லாக் ஆய்வகத்தின் 5045 கிளைஸ்ட்ரானை எடுத்து, 350 கிலோவோல்ட், பெர்வியன்ஸ் இரண்டு மைக்ரோபெர்வ், ஆகவே சுமார் 414 ஆம்பியர், பீமில் 145 மெகாவாட், அதில் 65 மெகாவாட் மைக்ரோவேவாக வெளியே, மீதி கலெக்டரில் வெப்பமாக என்று பலகையில் போட்டால், அடுத்த கேள்வி தானாகவே குளிர்நீரைப் பற்றி வரும். அதே போல ஜைரோட்ரானைப் (வலிய காந்தப்புலத்தில் ஓடும் இன்னொரு டியூப்) பற்றிப் பேசுகிறவர் ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் என்று தொடங்கினால், 170 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரானுக்கு மீக்கடத்திக் காந்தம் ஏன் வேண்டும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

விழா நாயகரின் உரையை நிறைவு நிகழ்ச்சியாக வைக்காதீர்கள். அப்போது பாதிப் பேர் ரயிலுக்கும் விமானத்துக்கும் கிளம்பியிருப்பார்கள், அவரும் களைத்திருப்பார். முதல் நாள் உணவுக்கு முன் வைத்தால், அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மீதி ஒரு நாள் முழுக்கப் பேச்சு நடக்கும்.

மேடையில் அவரோடு யார் உட்கார்கிறார்கள் என்பது மிக முக்கியம். பிரேசிங் உலையைப் பார்த்துக்கொண்டவர், பூச்சுத் தொட்டியில் நின்றவர், தூசியில்லா அறையில் உருப்பெருக்கியின் கீழ் கன் பொருத்திய அம்மா, கடைசல்காரர், இவர்கள் இல்லாமல் எந்த டியூபும் ஓடியதில்லை; கட்டுரைகளில் இவர்கள் பெயர் வந்ததும் இல்லை. நேர்காணலின்போதே விழா நாயகரிடம் பெயர்களைக் கேட்டு வாங்கி, தனித்தனியாகத் தொலைபேசியில் அழையுங்கள். பயணப்படி பேராசிரியர்களுக்கு எவ்வளவோ அவ்வளவே இவர்களுக்கும். மேடையில் ஆங்கிலத்தில் பேசச் சொல்லாதீர்கள். தமிழோ கன்னடமோ இந்தியோ, உலை முன்னால் எந்த மொழியில் பேசினார்களோ அதிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆய்வக வளாகத்துக்குள் அரங்கு என்றால் ஓய்வு பெற்றவர்களுக்கும் நுழைவு அனுமதி தேவைப்படும். கைபேசியும் கேமராவும் வாயிலிலேயே நின்றுவிடும். அதற்காகவே பக்கத்துக் கல்லூரி மண்டபம் பல நேரங்களில் வசதி. பாதுகாப்புத் துறைப் பணி என்றால் உரை, படம், மேசைப் பொருள் மூன்றுக்கும் தனித்தனியாக முன்னனுமதி வாங்குங்கள். எட்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

பதிவுக்கு இரண்டு ஒலிவாங்கிகள்: ஒன்று மேடையில், ஒன்று மேசைகளைச் சுற்றி நடக்கும் ஒருவரின் சட்டையில். மேடையில் சொல்லாததை மேசையருகில் சொல்வார்கள். எழுத்தாக்கத்தை இரண்டு மாதத்துக்குள் முடித்து, பேசியவரிடம் ஒருமுறை காட்டித் திருத்தி வாங்குங்கள். மலரில் வாழ்த்துரைகளுக்குப் பத்துப் பக்கம் போதும். மீதியில் பிரேசிங் படித்தாள்கள், செயலூட்டல் அட்டவணைகள், கெட்ட டியூப் அட்டைகள் அனைத்தும் படத்தோடு வரட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது அளந்ததா, கணக்கிட்டதா, நினைவிலிருந்து சொன்னதா என்று ஓரெழுத்துக் குறி போடுங்கள்: அ, க, நி.

அரங்கு முடிந்த மாலையில் மேசைப் பொருட்களைக் கட்டுவதற்கு இரண்டு பேரை முன்பே நியமித்துவிடுங்கள். விருந்துக்குப் போய்விட்டால் மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர் கையில் அவை கிடைக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண், அதே எண் ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் அதைப் பற்றிப் பேச்சு வருகிறது என்ற குறிப்பிலும். பிஞ்ச்-ஆஃப் முனைகளுக்கு மூடி, கேத்தோடுக் கலத்துக்குப் புது நைட்ரஜன், காந்தங்களுக்கு மரப்பெட்டி. பெட்டியின் மேல் டியூபின் பெயரோடு செய்தவர்கள் அனைவரின் பெயரும், துளைகளின் எண்ணிக்கையும்.